நீர்க்கட்டியின் பெரிய வியாழன்

பெரிய வியாழக்கிழமை வந்துவிட்டால் எங்கள் காலனியில் செங்கல் துண்டுக்குக் கிராக்கி வந்துவிடும். மாதா கோயில் சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆம்பளைகளை வரிசையாக உட்காரவைத்துக் கால் கழுவிவிடுவார். ஆண்டவர் தம் சீடர்களுக்குக் கழுவினாரே, அந்த நினைவாக. வெள்ளை அங்கி போட்ட சாமியார் குனிந்து தொடப்போகிற காலை யாராவது அழுக்கோடு நீட்டுவார்களா? பன்னிரண்டு பேரும் காலையிலேயே மதகண்டை போய் உட்கார்ந்துவிடுவார்கள். குதிகாலைச் செங்கல்லால் தேய்ப்பதென்ன, வெடிப்பில் புகுந்த சேற்றை முள்ளால் நோண்டுவதென்ன, சவுக்காரம் போடுவதென்ன! வருஷம் முழுக்கச் சேற்றில் கிடந்த கால்கள் அன்றைக்கு ஒரு நாள் பளபளக்கும். கழுவின காலைத்தான் சாமியார் மறுபடியும் கழுவுவார். தாம்பாளத்தில் விழுகிற தண்ணீரை எடுத்துக் குடிக்கலாம், அவ்வளவு சுத்தம். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அந்தப் பன்னிரண்டில் சந்தியாகு வருஷா வருஷம் உண்டு. பூசைக்கு வேண்டிய தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் மொண்டு வருவதும் அவன்தான். ஏனென்றால் அவன் ஊருக்கு நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறப்பது, மூடுவது, இன்றைக்கு இன்னார் முறை என்று மடை திருப்புவது எல்லாம் அவன் பொறுப்பு. அவன் அப்பனும் தாத்தனும் பிடித்த நீர்க்கட்டிக் கம்பு அவன் கையில் இருந்தது. அறுப்பானதும் களத்தில் ஒவ்வொரு குடும்பமும் அவனுக்கு நெல் அளக்கும். அந்த நெல்லில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. அதற்கு முந்தின மழைக்காலமே பொய்த்துப்போனது. உத்திரமேரூரைச் சுற்றி எந்த ஏரியைப் பார்த்தாலும் தரை வெடித்துக் கிடந்தது. எங்கள் ஏரியில் மட்டும் குட்டை மாதிரி கொஞ்சம் தேங்கியிருந்தது. அதை நம்பி நவரை நெல் நட்டுவிட்டார்கள். மாசி மாதத்தில், பயிர் பால் பிடிக்கிற சமயத்தில், கடைசித் தண்ணீரை ஆளுக்கு அரை நாள் என்று முறை வைத்தார்கள்.

சந்தியாகு முப்பது சென்ட் நிலத்தை வாரத்துக்கு எடுத்து நட்டிருந்தான். ஆனால் நீர்க்கட்டி கழனிக்கு முறை கிடையாது. எல்லாருக்கும் பாய்ந்தபின் மிச்சம் இருந்தால் அவனுக்கு. இது எந்தக் காலத்துச் சட்டமோ, யார் போட்டதோ. அந்த வருஷம் மிச்சம் ஏது? ஊரார் பயிரெல்லாம் பச்சையாக நிற்க, மண்வெட்டியும் கையுமாக வாய்க்கால் மேலேயே நடந்துகொண்டிருந்தவனின் பயிர் மட்டும் சுருண்டது.

கனகாவின் முறை வந்த அன்றைக்கு அவன் அந்தக் காரியத்தைச் செய்தான்.

கனகா புருஷனை இழந்தவள். தம்பி வரதனை வைத்துக்கொண்டு முக்கால் காணி பயிரிட்டு வந்தாள். அன்று வரதன் கரை உடையாமல் வாய்க்கால் மேல் காவல் இருந்தான். சந்தியாகு அவனை ஏதோ சொல்லி மதகுக்கு அனுப்பிவிட்டு, வாய்க்கால் கரையை வெட்டித் தன் கழனிக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டான். பொழுது சாய்ந்தபோது கனகாவின் கீழ்மடையில் பாதிக்குத் தண்ணீர் எட்டவில்லை. அவள் கேட்டபோது, கரையில் தானே குடைந்துவைத்த ஓட்டையைக் காட்டி, "நண்டு வளைம்மா, அதுல பூட்டுது" என்றான்.

நண்டு வளையைப் பார்த்து அடைக்கவேண்டியது வரதன் வேலை. "தூங்கினியாடா?" என்று கனகா கேட்டாள். அவன் இல்லை என்றான். செத்துப்போன அம்மா மேல் சத்தியம் செய்தான். கனகா காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவன்மேல் வீசினாள். அவன் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் போனவன்தான், திருப்புலிவனத்தில் ஒரு சூளையில் கல் அறுக்கிறான் என்று கேள்வி. தண்ணீர் எட்டாத கீழ்மடையில் பயிர் பால் பிடிக்காமல், மணியில்லாத கருக்காயாக நின்றது.

பெரிய வியாழனுக்கு முந்தின தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் சாமியார் சிலுவைப்பாதைக்கு வருவார். அதற்கு முன்னால் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, அவரவர் செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்பார். அந்தக் காரியம் நடந்த வாரத்து வெள்ளியே சந்தியாகு வரிசையில் நின்றான். அடுத்த வெள்ளியும் நின்றான். அதற்கடுத்த வெள்ளியும். வருஷத்துக்கு ஒரு தரம் நிற்பதற்கே கோயில் உபதேசியார் வீடு வீடாகப் போய்த் தொண்டை வறளக் கத்தவேண்டிய ஊரில் இப்படி ஒருத்தன் நின்றால் சும்மா விடுவார்களா? "நைனா, எங்களுக்கும் கொஞ்சம் பாவம் உட்டு வைய்யா" என்று கிண்டல் செய்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஆள் இளைத்துக்கொண்டே போனான்.

குருத்து ஞாயிறன்று, பெரிய வியாழனுக்கு நாலு நாள் முன்னால், அவன் பெண்சாதி மதலைமேரி புது நெல்லைக் குத்திச் சோறு ஆக்கினாள். அந்த முப்பது சென்ட்டில் விளைந்த நெல். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். இரண்டு மாதமாகக் கூழைத் தவிர எதையும் காணாத வீடு அது.

"இன்னாய்யா, சோறு ஆறுது. கைய மடியில வச்சிக்கினு ஒக்காந்துக்கீற?"

"கூழு இல்ல?"

"புது நெல்லு சோறு ஆக்கி வச்சிக்கீறேன், கூழு கேக்குற. நோம்பா?"

"நோம்புன்னுதான் வச்சிக்கோயேன்."

"ஞாயித்துக்கியமையில எவன்யா நோம்பு இருக்குறான்? உனுக்குன்னு தனியா ஒரு வேதமா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "இது எந்தத் தண்ணில வெளைஞ்சுதுன்னு உனுக்குத் தெரியும்."

தெரியும். முதல் வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த கையோடு அவளிடம் சொல்லியிருந்தான்.

"தெரியும்யா. தெரிஞ்சிதான் குத்தினேன், தெரிஞ்சிதான் பொடைச்சேன். எனுக்கு வயிறு கீதே. சாமியாராண்ட சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அவுரு மன்னிச்சாரா இல்லியா?"

"மன்னிச்சாரு."

"எத்தினி வாட்டி?"

"நாலு வாட்டி."

"நாலு வாட்டி அடிச்சி தொவைச்சா துணியே கிய்ஞ்சி பூடும். அப்பால இன்னாய்யா உனுக்கு?"

"வெள்ளிக்கியமை சொல்றேன். சாமி கைய தூக்கி ஆசீர்வாதம் பண்றாரு. மார்மேல இருந்து ஒரு மூட்டைய எறக்கினாப்பல கீது. அன்னிக்கி ஒரு நாளு நல்லா தூங்குறேன். மறுநாளு வாய்க்கா மேல போறேன், அந்தம்மா எதுக்கால வருது. 'இன்னா சந்தியாகு, நல்லா கீறியா, ஏன் எளைச்சிட்ட'ன்னு கேக்குது. மூட்டை திரும்பி ஏறி ஒக்காந்துக்குது மேரி."

"அதுக்கு?"

"முந்தாநேத்து சாமி கேட்டாரு. 'சந்தியாகு, மொத வாரமே நீ சொல்லிட்ட. ஆண்டவர் அன்னிக்கே மன்னிச்சிட்டார். அவருக்கு நாலு தரம் ஞாபகப்படுத்த வேணாம். எங்கிட்ட வர்ற வழி உனக்கு நல்லா பழகிப்போச்சு. அந்தம்மா வீட்டுக்குப் போற வழி தெரியுமா?'ன்னாரு."

மதலைமேரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவுருக்கு இன்னா! மோட்டார் சைக்கிள்ல வராரு, மோட்டார் சைக்கிள்ல போறாரு. நீ போயி வாயத் தொறந்தா சாயங்காலமே ஊரு கூடிடும். கம்ப புடுங்கிக்குவாங்க. அப்பால களத்துல நமக்கு யாரு நெல்லு அளப்பாங்க, சாமியாரா? உங்கப்பன், உங்க தாத்தன் புடிச்ச கம்புய்யா அது."

"அவங்க யாரும் கரைய வெட்டல."

"அது உனுக்கு எப்பிடித் தெரியும்? வெட்டிட்டு வாய மூடிக்கினு இருந்திருப்பாங்க. உன்ன மாதிரி பேஜார் புடிச்சவனா இருந்தாத்தான் ஊருல சொல்லிக்கினு திரிவான்."

"நான் ஓய்ஞ்சி பூட்டேன் மேரி" என்றான். "செய்யறதும் நானு, சொல்றதும் நானு, மறுபடியும் செமக்கறதும் நானு. முடியல."

"நான் மட்டும் ஓயலியா?" என்றாள் அவள். கூழ்ப்பானையில் அடியில் இருந்ததை வழித்து அவனுக்கு ஊற்றினாள். அவன் தள்ளிய தட்டை இழுத்துத் தானே சாப்பிட்டாள். ஒரு பருக்கை விடவில்லை. குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டோம் என்பது கடைசி வாயில்தான் அவளுக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை வந்தது. ஏரியில் ஒரு கை தண்ணீர் இல்லை. காலனி அடிபம்பு அடித்தால் டீ மாதிரி துருத் தண்ணீர் வந்தது. அதனால் அந்த வருஷம் பன்னிரண்டு பேருக்கும் கால் தேய்க்க வழியில்லை. வீட்டுக்கு வீடு குடிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு திருடிப் பொண்டாட்டிகளிடம் திட்டு வாங்கிக்கொண்டு தேய்த்தார்கள். விட்டார்களா பாருங்கள்!

"பூசைக்கு நல்ல தண்ணி ஓணும். கனகாம்மா கெணத்துல கீதாம். போயி கேட்டு எட்த்துக்கினு வா" என்று உபதேசியார் குடத்தைச் சந்தியாகுவிடம் நீட்டினார். பக்கத்தில் நின்ற மதலைமேரி, "வேற ஆள அனுப்புங்களேன், அவுருக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள். சந்தியாகு அதற்குள் குடத்தை வாங்கிவிட்டான். அவள் தெருமுனை வரைக்கும் கூடவே வந்தாள்.

உச்சி வெயில். கனகா கருக்காய்ப் பயிரை மாட்டுக்கு அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் அரிவாளை வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்தாள். எங்கள் ஆட்கள் அந்தக் கிணற்றில் இறைக்கமுடியாது. அவள் இறைத்து மேலிருந்து ஊற்ற, இவன் கீழே குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். எண்பத்து மூன்றிலும் அப்படித்தான்.

"உங்க கோயிலுக்கா?"

"ஆமாம்மா. கால் கய்வறதுக்கு."

"ஏரி காஞ்சா கூட உங்க சாமி உட மாட்டாரா?" என்று சிரித்தாள். ராட்டினம் கிரீச்சிட்டது. இரண்டு வாளியில் குடம் நிரம்பியது. மூன்றாவது வாளியை இறக்கினாள், அவன் குடிப்பதற்காக இருக்கும். "கைய ஏந்து. வெயில்ல வந்துக்கீற."

அவன் கையை ஏந்தவில்லை.

"அம்மா, அன்னிக்கி நண்டு வளை இல்லம்மா."

"எந்த நண்டு வளை?"

"மாசி மாசம், உங்க முறையில. நாந்தான் கரைய வெட்டி என் கயினிக்கு உட்டுக்கினேன். அப்பால கையால ஓட்டை போட்டு நண்டு வளைன்னு உங்களுக்குக் காட்டினேன்."

கயிறு அவள் கையிலிருந்து நழுவியது. வாளி கிணற்றுக்குள் போய் விழுந்த சத்தம் கேட்டது. அவள் பயிரைப் பற்றிக் கேட்பாள், திட்டுவாள் என்று இவன் நினைத்திருந்தான். அவள் கேட்டது வேறு.

"அப்ப வரதன் தூங்கலியா?"

"இல்லம்மா. கரை மேல நடந்துக்கினுதான் இருந்தாரு. மதகுப் பலகைய பாத்துட்டு வாங்கன்னு நாந்தான் அனுப்பிச்சேன்."

"அவன் எங்கம்மா மேல சத்தியம் பண்ணான்." கனகா அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "பெத்தவ மேல சத்தியம் பண்ணான். நான் செருப்பால அடிச்சேன். ஒரு மாசமா அவன் மூஞ்சில முழிக்காம கீறேன். எத்தினி நாளு என் எதுக்கால வந்த நீ? எத்தினி வாட்டி நான் உன்ன நல்லா கீறியான்னு கேட்டேன்?"

அவன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். மன்னிக்கும்படி கேட்கலாம் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தான்.

"போ" என்றாள் கனகா.

"எங்கம்மா?"

"திருப்புலிவனம். எங்கிட்ட சொன்னத அவன் மூஞ்சிய பாத்து சொல்லு. அடிச்சான்னா வாங்கிக்கோ. மத்தத ஊரு கூடி பேசட்டும்."

"பூசைக்குத் தண்ணி..."

"தண்ணியப் பத்தி நீ பேசாத!"

அந்தச் சத்தத்தில் மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. அவன் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தான். மூன்று மைல். காலில் செருப்பு இல்லை. தார் ரோடு கொதித்ததால் ஓரத்துப் புழுதியில் இறங்கி நடந்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாதா கோயிலில் ஜனம் கூடிவிட்டது. பதினோரு பேர் பெஞ்சில் உட்கார்ந்து வேட்டியை முழங்கால் வரைக்கும் ஏற்றிக்கொண்டு தயாராக இருந்தார்கள். பன்னிரண்டாவது இடம் காலி. தண்ணீரும் இல்லை. உபதேசியார் வாசலுக்கும் பீடத்துக்கும் அலைந்துகொண்டிருந்தார். "உன் ஊட்டுக்காரன் எங்கம்மா?" என்று மதலைமேரியை மூன்று தரம் கேட்டுவிட்டார். அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு எங்கே போனான், ஏதாவது செய்துகொண்டானா என்று அவள் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள்.

அப்போது தெருமுனையில் கனகா வந்தாள். இடுப்பில் எங்கள் கோயில் குடம்.

ஊர்ப் பெண் ஒருத்தி எங்கள் தெருவுக்குள் நடந்து வந்து அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் கூட வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவள் யாரையும் பார்க்காமல் வந்து குடத்தைக் கோயில் படியில் இறக்கினாள். புடவை ஒரு பக்கம் நனைந்திருந்தது.

"உங்க தண்ணி" என்றாள்.

"சந்தியாகு எங்கம்மா?" என்றார் உபதேசியார்.

"வருவான்."

பிறகு அவள் மதலைமேரியைத் தேடிப் பார்த்தாள். "உனுக்குத் தெரியுமாடி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? மதலைமேரி கதவைப் பிடித்துக்கொண்டு, "தெரியும்மா" என்றாள்.

கனகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் போய்விட்டாள்.

பூசை ஆரம்பித்தது. சாமியார் மேலங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். பாட்டுப் பாடினார்கள். ஒவ்வொரு காலாகத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து முத்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். தேய்த்த கால், சுத்தமான கால், தாம்பாளத்தில் தெளிந்த தண்ணீர். பதினோராவது ஆளை முடித்து நிமிர்ந்தபோது வாசலில் சந்தியாகு நின்றான்.

கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. முழங்கால் வரைக்கும் செம்மண் புழுதி, வேர்வையில் குழைந்து அப்பியிருந்தது. ஒரு கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் காய்ந்திருந்தது.

உபதேசியார் ஓடிப்போய், "யோவ், மொதல்ல போயி கால கய்விக்கினு வாய்யா, அசிங்கமா கீது" என்று பல்லைக் கடித்தார்.

"வேணாம்" என்றார் சாமியார். "வந்து உட்காரு."

அவன் வந்து உட்கார்ந்தான். காலை நீட்டக் கூச்சப்பட்டுப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான். சாமியார் மண்டியிட்டு, அந்தக் காலைக் கையால் பிடித்து இழுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். சொம்பில் பாதி ஊற்றியும் மண் போகவில்லை. கையாலேயே தேய்த்தார். குதிகால் வெடிப்பில் விரலை விட்டுத் தேய்த்தார். தண்ணீர் செம்மண் நிறமாகிக் கலங்கியது. வெள்ளைத் துண்டு கறையாயிற்று. நான் பார்த்த இத்தனை வருஷத்தில் அந்தத் தாம்பாளத்தில் அழுக்குத் தண்ணீர் விழுந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். சந்தியாகு எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதான். மற்ற பதினோரு பேரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஈஸ்டர் கழித்து ஊர் கூடியது. தலைவர் தாண்டவராயர் கம்பை வாங்கிக் காலனியிலேயே வேறு ஒருவனுக்குக் கொடுத்தார். முப்பது சென்ட்டில் விளைந்ததில் மிச்சம் இருந்த நெல்லைச் சந்தியாகு தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கனகா வாசலில் இறக்கினான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? சித்திரையில் வரதன் வீடு திரும்பினான். அக்காளும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று அவர்கள் அடுத்த வீட்டு ஆண்டாளம்மாள் சொன்னாள். சந்தியாகுவிடம் இரண்டு பேரும் பேசவில்லை. வழியில் கண்டால் கனகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நல்லா கீறியா என்று அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

வைகாசியில், ஏரிக்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால்வாயைத் தூர் வாரினார்கள். போன வருஷம்தான் வாரினது. ஒரே வருஷத்தில் காற்று அடித்துக் கொண்டுவந்த மண் முழங்கால் அளவு மறுபடியும் சேர்ந்திருந்தது. சந்தியாகு கூலிக்குப் போனான். கம்பை வைத்திருந்த புது நீர்க்கட்டி கரைமேல் நிற்க, இவன் கீழே மண் வெட்டினான். வீட்டில் மறுபடியும் கூழ்தான். மதலைமேரியும் அதே வேலைக்கு மண் சுமந்தாள்.

அந்த மாதத்துப் பூசைக்குச் சாமியார் வந்த அன்று இரண்டு பேரும் வேலையிலிருந்து நேராக வந்தார்கள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தது. நாலைந்து கிழவிகள் வரிசையில் நின்றார்கள். சந்தியாகு மண்வெட்டியை மரத்தில் சாய்த்துவிட்டுக் கடைசியில் போய் நின்றான்.

மதலைமேரிக்கு ஆயாசமாக இருந்தது. "கம்பு போச்சு. நெல்லு போச்சு. ஊருக்கே சொல்லி முட்ச்சிட்ட. இன்னும் இன்னாய்யா கீது சொல்றதுக்கு?"

"அது முட்ஞ்சி போச்சு மேரி. அதச் சொல்ல வரல."

"பின்ன?"

"கரை மேல கம்போட அவன் நிக்கிறான் பாரு. அவன் கால் வழுக்கி வுழணும்னு டெய்லி நெனைக்கிறேன்." அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். "இது இந்த மாசத்துது."

அவள் சும்மாட்டுத் துணியை உதறி மடித்தாள். வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டவேண்டும், பொழுது இறங்கிவிட்டது. இரண்டடி நடந்தவள் நின்றாள். திரும்பி வந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள்.

"கொஞ்சம் நவுந்து நில்லு" என்றாள். "எனுக்கும் கீது."